ஜெப வட்டத்தில் என் முறை

நைனா,

இன்று காலை என் சுடிதார் கையில் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

நேற்று கிருத்திகை. இன்று காலை திருத்தணியில் ரயில் ஏறும்போதே பெட்டி நிறைய மொட்டைத் தலைகள். மலையில் முடி இறக்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். எனக்கு இடம் கொடுத்து நகர்ந்து உட்கார்ந்த ஓர் அம்மாவின் மடியில் சின்னப் பெண் குழந்தை. தலை முழுக்கச் சந்தனம். ஓரங்களில் காய்ந்து வெடித்திருந்தது, உச்சியில் மட்டும் இன்னும் ஈரம். அரக்கோணம் வருவதற்குள் அது என் பக்கம் சாய்ந்து, என் கையைத் தலையணையாக்கிக்கொண்டு தூங்கிவிட்டது.

"ஐயோ, உன் துணியெல்லாம் பண்ணிட்டாளே பாப்பா. எழுப்பட்டா?"

"வேணாங்க. தூங்கட்டும்."

மணவூரில் அவர்கள் இறங்கிய பிறகும் நான் அந்தக் கறையைத் துடைக்கவில்லை. நான் வேலை செய்யும் லேபில் பக்கத்து மேசை ரேவதி அதைப் பார்த்துவிட்டாள். "நீ சர்ச்சுக்குப் போறவளாச்சே, மலைக்கு எப்போ போய்ட்டு வந்த?" என்று கேட்டாள். சிரித்தேன். நான் சிரித்துவிட்டால் அதற்கு மேல் பதில் வராது என்பது இத்தனை நாளில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சொல்வதென்றால் இதைச் சொல்லியிருக்க வேண்டும்: எனக்குச் சந்தன வாசனை என்றால் அது என் அப்பாவின் வாசனை.

ஸ்டேஷனுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே உன் ஷேர் ஆட்டோ ஓடிக்கொண்டே இருக்கும். போகும்போது முடியோடு ஏறுகிறவர்கள் வரும்போது மொட்டையோடு ஏறுவார்கள். முன்சீட்டில் உன்னை நெருக்கிக்கொண்டு உட்காருகிறவர்களின் தலை உன் தோளில் பட்டுப் பட்டு, மாலையில் நீ வீடு திரும்பும்போது காக்கிச் சட்டையின் இரண்டு தோளும் மஞ்சளாக இருக்கும். அம்மா அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டே சொல்வாள்:

"இந்த ஊர்லயே சந்தன வாசனையோட சபைக்கு வர்ற ஆளு நீ ஒருத்தன்தான்யா."

"நல்ல வாசனதான? கர்த்தருக்கு மூக்கு இருக்குது இல்ல, பிடிச்சிக்கட்டும்" என்பாய்.

வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னச் சிலுவை ஒட்டியிருந்தாய். அவ்வளவுதான் அடையாளம். அதைவிடப் பெரிய அடையாளம், வண்டி எடுக்கும் முன் நீ செய்வது. ஆட்கள் நிறைந்து, எப்போது கிளம்பும் என்று அவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகும், ஹேண்டில்பாரில் இரண்டு கைகளையும் வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடுவாய். பள்ளிக்கூடத்துக்கு உன் வண்டியில் வந்த நாட்களில் நான் பின்சீட்டிலிருந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூச்சு ஒரு தரம் மேலே ஏறி இறங்கும். அப்போது முடிந்தது என்று அர்த்தம்.

ஸ்டாண்டில் உனக்கு அடுத்த வண்டி முருகேசன் மாமாவுடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். நெற்றி நிறைய விபூதி. வண்டி நிறைய வேல். உன்னை மச்சான் முறை வைத்துப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவார். உன் சவாரிகள் அவசரப்பட்டால் அவர்தான் சமாதானம் சொல்வார்.

"கொஞ்சம் இருங்கம்மா. எங்க பாவா மேல பேசிகினு இருக்காரு. லைன் கட்டானதும் வண்டி கெளம்பிடும்."

"டேய், அந்த லைன் கட்டே ஆவாதுடா" என்று கண்ணைத் திறக்காமலே நீ சொல்வாய். பின்சீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். மலைக்குப் போகிறவர்கள், வேண்டுதல் வைத்திருப்பவர்கள், உன் சிலுவையைப் பார்த்தபடியே சிரிப்பார்கள்.

இப்போது நினைத்தால், அந்த ஒரு நிமிடத்தை யாருக்காகவும் நீ சுருக்கியதில்லை. யாருக்கும் முன்னால் அதை நீட்டியதும் இல்லை.

வீட்டு ஜெபம் வேறு மாதிரி. மாலையில் விசைத்தறிச் சத்தம் தெருவில் அடங்கியதும் பாயை விரிப்பாய். அம்மா அன்றைக்குத் தறிக்காரருக்காகச் சுற்றிய நூல் கண்டுகளைக் கூடையில் போட்டு மூலையில் தள்ளிவிட்டு வருவாள். ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, பிறகு சின்னவரிலிருந்து பெரியவர் வரை ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். முதலில் தம்பி சாமு. அப்புறம் நான். அப்புறம் அம்மா. கடைசியில் நீ.

சாமு ரயில் மாதிரி ஓட்டிவிடுவான். அடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்த நாளில் இன்னும் வேகம். ஒரு வருஷம் முழுக்கக் கிரிக்கெட் மட்டை கேட்டு ஜெபித்தான். கிடைக்கவில்லை. "நான் தெனம் கேக்கறேன், அவரு குடுக்கவே மாட்டேன்றாரு" என்று உன்னிடம் புகார் சொன்னான்.

"கர்த்தரு என்னா ஆட்டோவாடா, நீ கை காட்ன எடத்துல நிக்கறதுக்கு?" என்றாய். "நம்பதான் அவரு வண்டியில ஏறணும். எங்க எறக்கி வுடறாரோ எறங்கணும்."

"அப்போ மட்டை?"

"வழியில கட இருந்தா நிறுத்துவாரு."

அம்மா சிரித்துச் சிரித்து அன்றைக்கு அவளுடைய ஜெபத்தைச் சொல்லவே முடியவில்லை.

என் கதை அப்படியில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்வரை நானும் சாமு மாதிரி மனப்பாடமாக நான்கு வரி சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் என் முறை வந்தபோது அந்த நான்கு வரியும் பொய் மாதிரி இருந்தது. சொல்ல வேறு ஏராளமாக இருந்தது. வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டு எழுப்பினால் எழுந்து நின்று மேசையையே பார்த்துக்கொண்டிருப்பேனே, அதே நிலைமை வீட்டுப் பாயிலும் வந்துவிட்டது. சாமு கிளுக்கென்று சிரித்தான். அம்மா முழங்கையால் இடித்தாள்.

"வாயத் தொறயேன்டி. கர்த்தருக்கிட்ட பேசக் கூடவா வெக்கம்?"

நீ கண்ணைத் திறக்கவில்லை. "இடிக்காத" என்றாய். "அவ பேசிகினுதான் இருக்கா. நம்ப காதுல வுழணும்னு என்னா இருக்குது?"

பிறகு காத்திருந்தாய். மின்விசிறி கடகடத்தது. மலையிலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு காற்றில் வந்து வந்து போனது. நான் உள்ளே பேசினேன். வகுப்பில் என்னைக் கேலி செய்த பெண்ணைப் பற்றி, அம்மாவின் கை நூலால் வெட்டுப்படுவதைப் பற்றி, உன்னைப் பற்றி. முடிந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பாயை ஒரு விரலால் தட்டினேன். 'டொக்' என்றுகூடக் கேட்டிருக்காது. கோரைப் பாய்தானே.

"ஆமென்" என்றாய் நீ, சத்தமாக. நான் ஊருக்கே கேட்கும்படி ஜெபித்து முடித்த மாதிரி.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. என் முறை வரும், வீடு அமைதியாகும், நான் பாயைத் தட்டுவேன், நீ ஆமென் சொல்வாய், அம்மா தொடங்குவாள். என்னைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னதில்லை. நேற்று என்ன ஜெபித்தாய் என்று கேட்டதும் இல்லை.

கடைசியில் உன் முறை. உன் ஜெபத்தில் எங்கள் பெயர்கள் கடைசியில்தான் வரும். முதலில் வருகிறவர்கள் அன்றைக்கு உன் வண்டியில் ஏறியவர்கள். பெயர் தெரியாது, ஆகவே அடையாளம் சொல்லி ஜெபிப்பாய். "காலையில ஊன்றுகோலோட வந்தாரே பெரியவரு, அவரு முட்டிய நினைச்சிக்கும் ஆண்டவரே." "திருவாலங்காட்டுக்காரரு, கரும்பு காஞ்சிடுச்சின்னு பொலம்பிகினே வந்தாரு, அவரு கொல்லையில மழ பேயட்டும்." ஒரு தரம் நகரியிலிருந்து வந்த ஒரு ஜோடி. கல்யாணமாகிப் பல வருஷம். பிள்ளை வேண்டி மலைக்குத் தொட்டில் கட்டப் போனவர்கள். அந்தப் பெண் வழியெல்லாம் பேசவே இல்லை என்று சொல்லி, "அவங்க கேக்கறத குடுத்துடும் ஆண்டவரே" என்று ஜெபித்தாய்.

பாயைச் சுருட்டும்போது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவங்க முருகங்கிட்ட வேண்டிகினு போறாங்க. நீ எதுக்குக் குறுக்க பூந்து இங்க மனு போடற?"

"குடுக்கறவரு யாருன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு சிரிச்சா எனக்குப் போதும்."

"நம்ப சபையில சொல்லிப்பாரு இத."

"ஏன், நீ சொல்லிடுவியா?" என்று கண்ணடித்தாய். அம்மா சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிருத்திகைக்கு அவளுடைய ஜெபத்திலும் அந்த நகரிப் பெண் வந்துவிட்டாள். "அன்னிக்குச் சொன்னாரே, அந்தப் பொண்ணு" என்று.

எஸ்தர் அக்காவை நினைத்தால் இப்போது எனக்கு அன்புதான் வருகிறது. அப்போது பயம். சபையில் வீட்டுக் கூட்ட ஜெபங்களை நடத்துகிறவர் அவர். அவர் ஜெபித்தால் தெருமுனையில் கேட்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு விசுவாசி வீட்டில் கூட்டம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும். மற்ற வீடுகளில் நடந்தால் நான் டீ டம்ளர் கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய்விடுவேன். நம் வீட்டில் நடந்த அன்று தப்பிக்க வழியில்லை. பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

வட்டம் சுற்றி என்னிடம் வந்தது. நான் தலையைக் குனிந்தேன். எஸ்தர் அக்கா கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, குறையாகச் சொல்லாமல், இயல்பாகத்தான், "சரி, அடுத்து நீ சொல்லும்மா" என்று பக்கத்துப் பெண்ணைப் பார்த்தார்.

"அக்கா, இருங்க" என்றாய் நீ. "எம் பொண்ணு இன்னும் முடிக்கல."

அறையில் எல்லாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. எனக்குக் காது எரிந்தது. ஆனால் நைனா, அந்தச் சூட்டுக்கு அடியில் வேறொன்று இருந்தது. என் முறை என்னுடையதாகவே இருந்தது. அதை யாரும் தாண்டிப் போகவில்லை. நான் அன்றைக்கு அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்து, பாயைத் தட்டினேன்.

"ஆமென். முடிச்சிட்டா. இப்போ சொல்லும்மா" என்றாய் பக்கத்துப் பெண்ணிடம்.

கூட்டம் கலைந்த பிறகு வாசலில் எஸ்தர் அக்கா உன்னைப் பிடித்துக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நான் நல்லதுக்குத்தான் சொல்றேன். பெரிய பொண்ணாயிடுச்சி. விசுவாசம் உள்ள இருந்தா வாய் தானா தொறக்கும். தொறக்கலன்னா அங்க என்னமோ அடைச்சிகினு இருக்குன்னு அர்த்தம்."

"ஆங், இருக்கலாங்க்கா. ஆனா ஒண்ணு. என் வண்டியில வர்றவங்க, மல கண்ணுல பட்டதும் எத்தினி பேரு சத்தமே இல்லாம கும்புடறாங்க தெரியுமா? ஒதடு கூட அசையாது. அவங்க மனசுல ஒண்ணுமில்லன்னு நான் சொல்லுவனா?"

"அவங்களும் நம்பளும் ஒண்ணா?"

"இல்லதான். நம்ப தேவன் அதவிட நல்லாக் காது கேக்கறவரு இல்லியா?"

எஸ்தர் அக்கா சிரித்துவிட்டார். "உன்னாண்ட பேச முடியாதுப்பா" என்று தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். நீ திரும்பி, கதவுக்குப் பின்னால் நான் இருப்பது தெரிந்தே, செருப்பைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாய்: "அடுத்த கூட்டத்துக்கு டம்ளர் கழுவ நான் போறேன். நீ உக்காரு."

கல்லூரியில் சேர்ந்த வருஷம் நீ எனக்காகச் செய்த ஜெபம் இன்னும் என் காதில் இருக்கிறது. நம் இரு பக்கக் குடும்பத்திலும் யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. மருத்துவ ஆய்வகப் படிப்பு என்றால் என்ன என்று விளக்க எனக்கே அப்போது தெரியாது. முதல் நாள் காலை, வண்டியில் என்னை ஏற்றி, ஹேண்டில்பாரில் கை வைத்து, அன்றைக்கு மட்டும் எனக்குக் கேட்கும்படி ஜெபித்தாய். "இவ பயத்த எடுத்துப்போடும்னு கேக்கலிங்க ஆண்டவரே. அது இவளோட பொறந்தது. பயத்தோடவே போய்ட்டு வர்றதுக்குப் பெலன் குடும்."

அந்த ஜெபம் கேட்கப்பட்டது. பயத்தோடவே போனேன். வாய்மொழித் தேர்வில் பயத்தோடவே, கிசுகிசுத்த குரலில், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். "சத்தமா சொல்லும்மா, சரியாத்தான சொல்ற" என்றார் வந்திருந்த தேர்வாளர். அதை உன்னிடம் சொன்னபோது ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாய். முருகேசன் மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சரியாத்தானம்மா சொல்ற" என்று கேலி செய்வார்.

கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை, ஆட்கள் நிறைந்த வண்டியில், ஹேண்டில்பாரில் கை வைத்துக் கண்ணை மூடினாய். மூச்சு ஏறி இறங்கவில்லை.

"இன்னா பாவா, இன்னிக்கு லைன் நீளமாப் போவுது?" என்று முருகேசன் மாமா கேட்டாராம். அதற்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை என்றதும்தான் கிட்டே வந்து பார்த்தாராம். உன் வலது கை ஹேண்டில்பாரிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. சவாரிகளை இறக்கிவிட்டு, உன்னைத் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

பக்கவாதம். வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் உனக்குப் புரியும், பதில் மட்டும் வராது என்றார் டாக்டர். உன் கண்ணைப் பார்த்தபோது எனக்கும் அது தெரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்புக் கட்டிலில் படுக்கவைத்தோம். ஜெபிக்க வராத ஆள் இல்லை. முருகேசன் மாமா ஒரு நாள் மொட்டையும் சந்தனமுமாக வந்து நின்றார். "உனக்குன்னு வேண்டிகினு எறக்கிட்டேன் பாவா. இனிமே நீ எழுந்து உக்காரலன்னா எனக்குத்தான் அசிங்கம்" என்றார். உன் பாதி வாய் சிரித்தது. இடது கையைத் தூக்கி அவர் தலையைத் தடவி, விரலில் ஒட்டிய சந்தனத்தை மூக்கருகே கொண்டுபோனாய்.

அந்த வாரக் கூட்ட ஜெபத்தை நம் வீட்டில், உன் கட்டிலைச் சுற்றி வைத்தார் எஸ்தர் அக்கா. பாயில் இடம் போதாமல் சிலர் வாசலில் நின்றார்கள். தொடங்கும் முன் அவர் உன் பக்கத்தில் குனிந்து, கண்ணெல்லாம் நீராக, "தம்பி, விசுவாசத்த வாயால அறிக்க பண்ணணும்பா. ஒரே ஒரு வார்த்த. முயற்சி பண்ணிப் பாரு" என்றார். நீ முயன்றாய். வந்தது வார்த்தை இல்லை. அதைக் கேட்டுச் சாமு எழுந்து வெளியே போய்விட்டான். உன் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

நைனா, உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. நீ வெட்கப்பட்டாய்.

வட்டம் சுற்றத் தொடங்கியது. என் முறை வந்தது. கட்டில் காலைத் தட்டினேன். ஆமென் சொல்ல ஆள் இல்லாமல் அது அப்படியே நின்றது. அம்மா அழுதுகொண்டே ஜெபித்தாள். அடுத்தது நீ. எல்லாருக்கும் அது தெரியும். உன் கண் மூடியிருந்தது. எஸ்தர் அக்கா, அன்பினால்தான், உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான், "தம்பிக்கும் சேர்த்து நான் ஜெபிக்கறேன்" என்று தொடங்கினார்.

தன் முறையை யாரோ தாண்டிப் போவது எப்படி இருக்கும் என்று அந்த அறையில் எனக்குத் தெரியும். தாண்டவிடாமல் ஒருவர் நிற்பது எப்படி இருக்கும் என்பதும் எனக்குத்தான் தெரியும். வேறு யார் சொல்வார்கள்?

"அக்கா, இருங்க."

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. எஸ்தர் அக்கா நிறுத்தினார். எல்லாரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள்.

"நைனா இன்னும் முடிக்கல."

நீ சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாய். என்னைப் பார்த்தாய். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாய்.

நாங்கள் காத்திருந்தோம். மின்விசிறி அதே கடகடப்போடு சுற்றியது. தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு நீளமாக நீ ஜெபித்துக் கேட்டதில்லை. ஊன்றுகோல் பெரியவரும், கரும்புக்காரரும், நகரிப் பெண்ணும் வரிசையாக வந்துகொண்டிருப்பார்கள், நாங்கள் கடைசியில்தான் வருவோம் என்று நினைத்துக்கொண்டேன். உன் முகம் இளகிக்கொண்டே வந்தது. கழுத்து நரம்பு தணிந்தது. கடைசியில் உன் இடது கை நகர்ந்து, ஒரு விரல் மட்டும் உயர்ந்து, கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டியது.

டொக்.

எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். அத்தனை வருஷமும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

"ஆமென்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், நைனா. உன்னைப் போல. அப்புறம் எஸ்தர் அக்காவும் ஆமென் சொன்னார், தெருமுனை வரை கேட்கிற அந்தக் குரலைத் தாழ்த்தி, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி. அன்றைக்குப் போகும்போது அவர் என் கன்னத்தைத் தொட்டார்.

அதற்குப் பிறகு உன் முறையை யாரும் தாண்டவில்லை. என் தேர்வு முடிவை உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டியபோது இடது கையை என் தலையில் வைத்து, அங்கேயும் ஒரு தட்டுத் தட்டினாய். வீட்டின் முதல் பட்டதாரிக்கு நடந்த பட்டமளிப்பு அது. மேடை ஏறி வாங்கியது அதற்கு அடுத்ததுதான்.

நீ எழுந்து நடக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டாய். அடக்க ஆராதனைக்கு முருகேசன் மாமா தன் வண்டியை முன்னால் நிறுத்தியிருந்தார். தலையில் முடி மறுபடி வளர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்யும் முன் ஹேண்டில்பாரில் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடினார். பின்னால் வரிசையாக நின்ற ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் காத்திருந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அழுகையின் நடுவிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஸ்டேஷன் ரோட்டில் ஹாரன் சத்தம் இல்லாமல் ஒரு நிமிடம். அதை வாங்கிக்கொடுத்தது என் அப்பாவின் ஜெபம்.

இத்தனை பேர் ஜெபித்தும் ஏன் கேட்கப்படவில்லை என்று அம்மா சில நாள் கேட்டாள். சாமுதான் சொன்னான், ஆட்டோவை நிறுத்துகிறவன் போல ஒற்றைக் கையை நீட்டி: "கர்த்தரு என்னா ஆட்டோவாம்மா?" அம்மா அழுதாள், பிறகு சிரித்தாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வாயில் வார்த்தை இருந்தபோது நீ யாரிடம் பேசினாயோ, வார்த்தை போன பிறகும் அவரிடமேதான் பேசினாய். கேட்டது கிடைத்தவர்கள் சபையில் எழுந்து சாட்சி சொல்கிறார்கள். கிடைக்காமலும் பேச்சை நிறுத்தாத ஒரு மனிதனை நான் பார்த்திருக்கிறேன். என் சாட்சி அதுதான்.

இன்றும் நான் கூட்டத்தில் சத்தமாக ஜெபிப்பதில்லை. வீட்டில் கடைசி முறை இப்போது அம்மாவுடையது. உன் வரிசைப்படி வெளியாட்களில் தொடங்கி எங்களில் முடிக்கிறாள். போன மாதம் சபைக்குப் புதிதாக வந்த ஒரு மருமகள், சித்தூர்ப் பக்கத்துப் பெண், தமிழ் சரியாக வராததால் தன் முறையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரோ அடுத்துத் தொடங்கப் போனார்கள். எஸ்தர் அக்கா கண்ணைத் திறக்காமலே கையைக் காட்டினார்.

"இருங்க. அந்தப் பொண்ணு இன்னும் முடிக்கல."

லேபில் ரத்தம் கொடுக்க என்னிடம் வருகிறவர்களின் பெயர் சீட்டில் இருக்கும். ஆனாலும் உன்னைப் போல அடையாளம் வைத்துத்தான் நினைத்துக்கொள்கிறேன். இன்று காலை முதலில் வந்தவர் ஒரு விவசாயி. ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். என் தோளருகே காய்ந்த சந்தனம் மணந்தது. உள்ளே அவருக்காகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவசரப்படவில்லை. முடிந்ததும் முழங்கை மடிப்பில் ஒரு விரலால் தட்டினேன்.

"நரம்பு கெடைக்கலியாம்மா?" என்று கேட்டார்.

"கெடச்சிடுச்சிங்க" என்றேன்.